ஸ்டோவ்னர் சரிவில் நான் நிறுத்தாத கார்

நான் ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்தாறு. சிரிக்கலாம், வீட்டிலும் சிரித்தார்கள். ஆறு குளிர்காலம் ஒரே வேலையைச் செய்துவிட்டு, இனி இல்லை என்று சாவிகளை மேசையில் வைத்துவிட்டு வந்தால் அதற்கு வேறு என்ன பெயர் சொல்வது?

இதை எழுதச் சொன்னவர்கள் தமிழ் மாணவர் மலரைப் போடும் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் போன மாதம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்கள் ஸ்டோவ்னரிலை ஸ்போர்ட்ஸ் காரைச் சரிச்சு வழுக்கிக் கொண்டுவந்து, ரெண்டு கோட்டுக்கு நடுவிலை பின்பக்கமாய் விட்டனீங்களாமே. என்ரை மாமி பல்கனியிலை நிண்டு பாத்தவவாம். அது எப்பிடி எண்டு எழுதித் தாங்கோ."

"அது நான் செய்யேல்லையடா."

"பாத்தீங்களா, உங்களுக்குக் கொஞ்சமும் பெருமை இல்லை அக்கா!"

இந்தப் பதிலை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று அதனால் இரண்டு பேர் சாகப் பார்த்தார்கள். அந்தச் சரிவின் அடியில் ஒரு மனிதர் நின்றார் என்பதைப் பல்கனிக்காரர் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. புதிய கார்கள் வழுக்கினால் மஞ்சள் விளக்கு ஒன்று மினுங்கி, கம்பியூட்டரே பிரேக்கைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு வழுக்குவது ஒரு விளையாட்டாகத் தெரிகிறது. சரி, எழுதுகிறேன்.

நோர்வேயில், லில்லெஸ்ட்ரோம் என்ற ஊரில், ரெயில் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு சிறிய நிறுவனம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களைக் கொண்டுவந்து விற்பார்கள். எல்லாம் பின்சக்கரங்களால் ஓடுகிறவை, மஞ்சள் விளக்குக் காலத்துக்கு முந்தியவை. வாங்கியவர் வீட்டுக்குக் காரைக் கொண்டுபோவது, வழியில் பனியிலும் மழையிலும் அதை எப்படி ஓட்டுவது என்று காட்டுவது, கையெழுத்து வாங்குவது, இவைதான் என் வேலை. பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தேன். விரிவுரையில் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து உட்கார முடியாத ஆள். விளம்பரத்தைக் கண்ட அன்றே போய் நின்றேன். முதல் குளிர்காலம் முழுக்க, உறைந்துபோன ஒரு வெற்று நிலத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றினேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். கனவிலும் சுற்றினேன்.

முன்சக்கரம் இழுக்கும் கார் உங்களைக் கையில் பிடித்துக் கூட்டிப்போகும். பின்சக்கரக் கார் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். பனியில் அந்தக் கை ஒரு பக்கம் சறுக்கினால் போதும், அடுத்த கணம் நீங்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போவீர்கள்.

பெரித் என் மேலதிகாரி. ஐம்பது வயது தாண்டியவர். அந்த வயதுப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதுவரை இருமிக் கூப்பிட்டேன். அவர் பாராட்டியதும் இல்லை, திட்டியதும் இல்லை. ஆமோதிக்க வேண்டுமென்றால் மூச்சை உள்ளே இழுத்தபடி "யா" என்பார். வடக்கு நோர்வேக்காரரிடம் நிறையக் கேட்கலாம். முதல் தடவை அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டதென்று பயந்துபோனேன்.

அவருடைய ஒழுங்கு மாறாது. காரின் கூரையில் ஒரு துண்டுப் பனியும் இருக்கக் கூடாது. டயர்க் காற்றைக் கையால் அளக்க வேண்டும். பின்பெட்டியில் இருபது கிலோ மணல் மூட்டைகள் நான்கைப் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். அந்த எடைதான் பின்சக்கரத்தை நிலத்தில் அழுத்திப் பிடிப்பது. எங்கள் இடத்தில் அந்த மூட்டைகளுக்குப் பெயர் "பயணிகள்". "பயணிகள் 4" என்று ஒரு காகிதச் சீட்டில் எழுதிப் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிடுவோம். கார் பத்து நிமிடத்துக்கு மேல் எங்கேயாவது நின்றால் மறுபடி பின்பெட்டியைத் திறந்து எண்ண வேண்டும்.

"சீட்டைப் பார்க்காதே, மூட்டையைத் தொடு" என்பார் பெரித்.

கடைசி ஒழுங்கு யன்னல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு ஓட்டுவது. எவ்வளவு குளிரென்றாலும் அப்படித்தான். ஈரமான ரோட்டில் டயர் சீறும், பனியில் நறுநறுக்கும். பனிக்கட்டியில் ஒரு சத்தமும் வராது. "சத்தம் நின்றால் நீயும் நில்" என்பது அவர் எனக்குச் சொன்ன மிக நீண்ட அறிவுரை.

இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு காலைப் பொழுது. பனி நேரே முன்கண்ணாடியில் கொட்டியது. வேகமுள் நாற்பதில் நிற்க, கார் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலவும் வெள்ளை மட்டும் எங்களைக் கடந்து போவதுபோலவும் இருந்தது. பெரித் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். திடீரென்று ஒரு விரலை உயர்த்தினார். அப்போதுதான் கவனித்தேன், டயர்ச் சத்தம் இல்லை. அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கார் தன் பாட்டில் தவழ்ந்து தவழ்ந்து நின்றபோது, எதிரே வெள்ளைக்குள் ஒரு பஸ் ரோட்டை மறித்துக் குறுக்கே நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. எல்லா யன்னலிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறார்களோ தெரியாது. பெரித் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து "யா" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வரதன் அண்ணையின் காருக்கு வருவோம்.

வரதன் அண்ணை எண்பதுகளில் வந்து, வடக்கு நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் எட்டு வருடம் மீன் வெட்டியவர். அப்போது ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை. ஸ்டோவ்னரில் மாடிக் குடியிருப்பில் மனைவி சுமதி அக்காவுடன் இருந்தார். சிவப்பு நிறத்தில் ஒரு இரண்டு இருக்கைக் கார் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சனவரியில் ஒரு முற்பகல், ரெயிலில் லில்லெஸ்ட்ரோம் வந்து என்னோடு ஏறிக்கொண்டார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, எனக்கு ஸ்னோ படிப்பிக்கப் போறீரோ? பாட்ஸ்பியோர்டிலை கதவைத் திறந்தா ஸ்னோ, மூடினா ஸ்னோ. நான் காணாததோ?"

"அண்ணை, அது காய்ஞ்ச ஸ்னோ. இஞ்சை மழையும் பெய்யும், குளிரும் அடிக்கும்."

"எல்லாம் ஒரே தண்ணிதானே."

வழியில் தமிழ்க் கடையில் நிறுத்தச் சொன்னார். மகளின் பிறந்தநாளுக்கு மண்டபத்தில் அவரே சமைக்கிறாராம், அரிசி வேண்டுமாம். இருபது கிலோ மூட்டை நான்கு. பின்பெட்டியில் இடமில்லை, அங்கே என் பயணிகள் இருந்தார்கள். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு ஒரு மின்னல் யோசனை. இருபது கிலோ மணலும் இருபது கிலோ அரிசியும் ஒரே எடைதானே? மணலைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு அரிசியை அதே இடத்தில் படுக்கவைத்துக் கட்டினேன்.

"படிச்ச பிள்ளை எண்டா இப்பிடித்தான் இருக்கோணும்!" என்றார் வரதன் அண்ணை. நானும் அப்படித்தான் நினைத்தேன். சீட்டில் "பயணிகள் 4" என்றே இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. மணலை யாரும் மாடிக்குத் தூக்கிப்போக மாட்டார்கள் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

வழி முழுக்க நன்றாக ஓடியது. ஸ்டோவ்னரில் அவர்கள் வீட்டு வாசலில், சரிவின் உச்சியில் நிறுத்தினேன். அவர் கையெழுத்தும் வைத்துவிட்டார், கார் அவருடையதாகிவிட்டது. கீழே வளைவில் இருக்கும் அவருடைய தரிப்பிடத்தில் விட்டுக் கொடுத்தால் என் வேலை முடிந்தது.

"முதல்லை மேலை போம். சுமதி பாத்துக்கொண்டு நிக்கிறா."

"வேண்டாம் அண்ணை, நேரம் போகுது."

"வாசல் வரைக்கும் வந்திட்டுத் தேத்தண்ணி குடியாமல் போறதோ? அவ என்னைத் தின்னுவா."

போனேன். சுமதி அக்கா தேத்தண்ணியும் வடையும் தந்து, எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று இரண்டு தலைமுறைக்கு விசாரித்தார். வரதன் அண்ணை "இந்தா வாறன்" என்று இறங்கிப் போனவர் கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்க வந்தார். நான் யன்னலோரம் இருந்தேன். வெளியே எதிர்ப்பக்கச் சரிவில் ஒரு வெள்ளைக் கார் நிறுத்தியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தது. உள்ளே யாரும் இல்லை. விளக்கும் எரியவில்லை. ஒரு சாண் நகர்ந்து, மறுபடி நின்றுவிட்டது. நான் கண்ணைக் கசக்கினேன்.

"என்ன பிள்ளை, வடை உறைக்குதோ?" என்றார் சுமதி அக்கா.

யன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீர்தான் அப்படிக் காட்டியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும்.

"என்ரை இடத்திலை வேறை ஆரும் விட்டிடுவாங்கள். நான் முதல் போய் நிண்டு பிடிக்கிறன், நீர் காரைக் கொண்டாரும்" என்று சொல்லிவிட்டு வரதன் அண்ணை சரிவின் ஓரத்துப் படிகளால் இறங்கி ஓடினார். எங்கள் ஆட்கள் கடைத்தெருவில் செய்வதுதான். காலியான தரிப்பிடத்தில் ஒருவர் போய் நின்று கையை விரித்துக்கொண்டால் அது அவருடைய இடம். வாசலிலும் படிகளிலும் சரளைக்கல் தூவியிருந்தார்கள். அதனால் நானும் வழுக்காமல்தான் காருக்கு வந்தேன். கண்ணாடியில் தொங்கிய சீட்டைப் பார்த்தேன். பயணிகள் 4. பின்பெட்டியைத் திறக்கவில்லை.

கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு, நடை வேகத்தில் சரிவில் இறக்கினேன். மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்த ரோடு கறுப்பாகப் பளபளத்தது. அது சீற வேண்டும், சீறவில்லை. மெதுவாகப் போவதால் கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே பிரேக்கில் கால் நுனியை வைத்தேன்.

பின்னால் இருந்த யாரோ இறங்கிப் போய்விட்டதுபோல இருந்தது. வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த பாரம் இல்லை. காரின் வால் ஓசையில்லாமல் இடப்பக்கம் மிதந்து போனது. திருப்பினேன், ஒன்றுமில்லை. பிரேக்கை விட்டேன், ஒன்றுமில்லை. கார் முழுவதும் குறுக்காகத் திரும்பி, பக்கவாட்டில் கீழே போனது. முன்கண்ணாடியில் வீடுகள் மெதுவாகக் கடந்தன. போகிற திசை என் பக்க யன்னலில் இருந்தது. அந்த யன்னலில் வரதன் அண்ணை நின்றார்.

தரிப்பிடத்தின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒதுங்கவில்லை. பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது கொண்டக்டர் காட்டுவதுபோல, இரண்டு கையாலும் தன் பக்கம் வாரி வாரிக் கூப்பிட்டார். இறக்கிவிட்ட இரண்டு விரல் இடைவெளியால் அவருடைய குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"வா... வா... வரலாம்... இன்னும் வரலாம்..."

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். சத்தம் வந்ததா தெரியாது. கையிலும் காலிலும் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மடியில் கையை வைத்தேன். அவருடைய ஜாக்கெட் பொத்தான்கள் தெரிந்தன. அப்போது பின்சக்கரம் வளைவு ஓரத்தில் உறைந்து கிடந்த பனிவரம்பில் தட்டியது. கார் அதைச் சுழலச்சாக வைத்துத் திரும்பி, பின்பக்கமாகத் தரிப்பிடத்துக்குள் போய், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. பின்பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண்.

மேலே மூன்றாம் மாடியிலோ நான்காம் மாடியிலோ யாரோ கைதட்டினார்கள். பிறகு இன்னொரு பல்கனியிலும் தட்டினார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. கை இன்னும் மடியில்தான் இருந்தது, ஆனாலும் சிரித்தேன்.

"அம்மாடி! என்ன ஓட்டு ஓட்டினீர் தங்கச்சி!" வரதன் அண்ணை காரைத் தட்டிக் கொடுத்தார். "சுமதீ, பாத்தனீரோ? இறங்கி வாரும், இப்ப நான் ஒருக்கா உம்மை வைச்சு அப்பிடிச் சுத்திக் காட்டுறன்!"

மேலே வாசலுக்கு வந்திருந்த சுமதி அக்கா வாயெல்லாம் சிரிப்பாகச் சால்வையைப் போர்த்திக்கொண்டு படிகளில் இறங்கத் தொடங்கினார். இறங்கிய என் கையிலிருந்து சாவியை வரதன் அண்ணை எடுத்துக்கொண்டார். நான் அப்போதுதான் பின்பெட்டியைத் திறந்தேன். வெறும் கயிறு கிடந்தது.

"அண்ணை, அரிசி எங்கை?"

"மேலை ஏத்திட்டன். ஒரு மூட்டைதான் வாசல் கதவுக்குப் பின்னாலை நிக்குது. பெட்டி பூட்டாமல்தானே கிடந்தது, நீர் தேத்தண்ணி குடிக்கேக்கை செய்தனான். பொம்பிளைப் பிள்ளை, உமக்கேன் கரைச்சல் எண்டு."

"அண்ணை, நான் காரை ஓட்டேல்லை. அது வழுக்கி வந்தது. உங்களை அடிச்சிருக்கும்."

அவர் என்னை அன்போடு பார்த்தார். "பாரும் சுமதி, இவ்வளவு கெட்டித்தனம் இருந்தும் துளி தலைக்கனம் இல்லை."

"உண்மையாத்தான் அண்ணை. எனக்கு ஒண்டும் தெரியாமல் போட்டுது. ஸ்டியரிங்கையே விட்டிட்டன்."

"கையை விட்டிட்டே ஓட்டினீரோ!"

மறுக்க மறுக்க நான் பெரிய ஆளாகிக்கொண்டு போனேன். புகழ்ந்தால் மறுப்பது எங்கள் மரியாதை. அந்த மரியாதையைத் தாண்டி உண்மையை எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வளைவுக்குக் கீழே ரோடு ரெயில் நிலைய பஸ் தரிப்புவரை இறங்குகிறது. அங்கே பஸ்ஸுக்கு நின்றவர்களின் குடைகள் தெரிந்தன. நான் பெரித்தைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"பயணிகள் எத்தனை பேர்?" என்றார், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

"ஒருவரும் இல்லை."

"சீட்டில்?"

"நான்கு."

மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. அந்தத் தடவை "யா" வரவில்லை. "சாவி யாரிடம்?"

"வாங்கியவரிடம்."

"எடு" என்றார். தொடர்பு அறுந்தது.

சாவியைக் கேட்டேன். வரதன் அண்ணையின் முகம் மாறியது. "இதென்ன கதை? கையெழுத்து வைச்சாச்சு, கார் என்ரை. நீர் ஓடலாம், நான் ஓடக்கூடாதோ?" அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார். சுமதி அக்கா மற்றப் பக்கக் கதவில் கை வைத்தார்.

"அண்ணை, ஒரு நிமிசம். ஒண்டைக் காட்டுறன், பாத்திட்டு ஓடுங்கோ. படியிலை ஏறி நில்லுங்கோ, ரெண்டு பேரும்."

என் முகத்தில் எதைக் கண்டாரோ, இறங்கி வந்தார். நான் படிகளால் மேலே ஓடினேன். வாசல் கதவுக்குப் பின்னால் நின்ற அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு சரிவின் உச்சிக்கு வந்தேன். ரோட்டில் யாரும் இல்லை. அவர்கள் இருவரும் பாதிப் படியில், சரளைக்கல்லின்மேல் நின்றார்கள். யன்னலால் பார்த்த வெள்ளைக் கார் இப்போது ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஐயோ, என்ரை அரிசி!" என்றார் சுமதி அக்கா.

"அண்ணை, இதைக் கூப்பிடுங்கோ" என்றேன்.

"என்ன?"

"என்னைக் கூப்பிட்ட மாதிரி."

மூட்டையை ரோட்டில் வைத்துக் கையை எடுத்தேன். தள்ளவில்லை. அது கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்தது. பிறகு புறப்பட்டது. ஒரு சத்தமும் இல்லை. மழைத் தண்ணீரின்மேல், நான் வந்த அதே கோட்டில், அவசரமில்லாமல் போனது. கார் திரும்பிய இடத்தில் அதுவும் திரும்பிக் குறுக்காகியது. வரதன் அண்ணை சிரித்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தினார். "வா..." என்று தொடங்கினார். மூட்டை அவரைத் தாண்டி இறங்கி, வளைவில் பனிவரம்பைத் தட்டிச் சுழன்று, அவர் முன்பு நின்றிருந்த தரிப்பிடத்துக்குள் நேரே போய்ச் சிவப்புக் காரில் மோதியது. அப்போதுதான் முதல் சத்தம் கேட்டது. தையல் பிரிந்து, கறுப்புக் கண்ணாடிபோல் இருந்த நிலத்தில் அரிசி சிதறி ஓடியது.

அவருடைய கை உயர்ந்தபடியே நின்றது. அதை இறக்க மறந்துவிட்டார். நான் இறங்கிப் பக்கத்தில் வரும்வரை தரிப்பிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் வரேக்கை..." என்றார். "அந்த நேரம் காரை ஆர் ஓட்டினது?"

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

மழை சால்வையில் விழுந்து அங்கேயே உறைந்துகொண்டிருந்தது. சுமதி அக்கா அவருடைய உயர்ந்த கையைப் பிடித்து இறக்கினார், விரல்களை ஒவ்வொன்றாக விரித்துச் சாவியை எடுத்தார், என் கையில் வைத்து மூடினார்.

வரதன் அண்ணை அதைக் கவனிக்கவில்லை.

"அப்ப நான் வா வா எண்டு கூப்பிட்டது," என்றார், "ஆரை?"